தூரத்துச் சிறையில் தம்பி: போன் செலவைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம். தம்பி இருக்கும் சிறை எங்களுக்கு வெகு தூரம். நேரில் பார்ப்பது எப்போதோதான், மற்றபடி போன்தான். நாங்கள் அழைக்க முடியாது. அவன்தான் அழைக்க வேண்டும், அதுவும் ஒப்புதல் வாங்கிய எண்ணுக்கு மட்டும். வெளியூர் எண் என்பதால் நிமிடக் கட்டணம் அதிகம். அம்மா "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு" என்று முடிப்பதற்குள் பாதிக் காசு கரைந்துவிடுகிறது. அவன் அழைப்புகளுக்காக முன்பணம் கட்டும்போது சேவைக் கட்டணம் வேறு.

சிறை இருக்கும் ஊரின் எண் ஒன்றை இணையவழி வாங்கி, அதற்கு வரும் அழைப்பை எங்கள் போனுக்குத் திருப்பிவிட்டால் உள்ளூர்க் கட்டணம்தான் வரும் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவதை விதி தடுத்தால், அவனுடைய போன் சலுகையே போய்விடுமோ என்று பயம். வீடியோ சந்திப்பு மலிவாக இருக்குமா? உள்ளே திருட்டுத்தனமாக செல்போன் அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம், அப்புறம் ஒரு வழக்கு இரண்டாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.