சிறைக்குள் இருப்பவருக்கு ஓட்டு உண்டா? வாக்குப்பதிவு அன்று எங்கள் குடும்பக் குழுவில்

குழு: பாட்டி வீடு (தேவி, அத்தையின் மகள், வக்கீல். கார்த்தி, பெரியப்பாவின் மகன்.)

கார்த்தி, மாலை 6:48
காலையில் பூத்தில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கீழத்தெருவில் சீட்டு நடத்திப் பணத்தைச் சுருட்டினாரே, அவரை. ஏழு வருடம் தண்டனை என்று பேப்பரில் வந்ததே, அதே ஆள். வெள்ளை வேட்டி, விரலில் மை. எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்.

பெரியப்பா, 6:51
தண்டனை பெற்றவருக்கு எப்படி பூத் சிலிப் கொடுத்தார்கள்? பட்டியலில் பெயரே இருக்கக் கூடாதே.

தேவி, 6:56
பெரிய மாமா, அவர் அப்பீல் போட்டிருக்கிறார். ஹைகோர்ட் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது. வெளியே இருக்கிறார், அதனால் ஓட்டுப் போடலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5): சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் வாக்களிக்க முடியாது. அவ்வளவுதான். என்ன குற்றம், நிரூபணம் ஆனதா இல்லையா என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

அம்மா, 6:58
அப்போ நம் சாந்தி மகன்? செல்போன் திருட்டு என்று பிடித்துப் போனார்கள். கேஸ் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை.

தேவி, 6:58
அவனுக்கு ஓட்டு இல்லை அத்தை.

பெரியப்பா, 7:03
என்னைக் கேட்டால் இரண்டு பேருக்குமே கொடுக்கக் கூடாது. சட்டத்தை மிதித்தவன் சட்டம் செய்பவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன நியாயம்? ஓட்டு என்பது பொறுப்பு. தேர்தல் வேலைக்குப் போய் ராத்திரி பூராவும் பெஞ்சில் படுத்துக் கிடந்தவன் நான். ஒவ்வொரு ஓட்டுக்கும் எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

கார்த்தி, 7:05
ஆனால் உள்ளே இருப்பவர் தேர்தலில் நிற்கலாமே அப்பா! 2024 பாராளுமன்றத் தேர்தலில் திகார் சிறையில் இருந்தபடியே காஷ்மீரின் பாராமுல்லாவில் எஞ்சினியர் ரஷீத் ஜெயித்தார். விசாரணைக் கைதி, அவருக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. லட்சக்கணக்கானவர்கள் அவருக்குப் போட்டார்கள்.

தேவி, 7:09
2013-இல் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தத்தான் பார்த்தது. ஓட்டுப் போட முடியாதவர் நிற்கவும் முடியாது என்றது. அதே வருடம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. வேட்பாளர்களின் உரிமையைக் காப்பாற்ற அவ்வளவு வேகம். வாக்காளர்களுக்காக அந்த வேகம் வரவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

சித்தப்பா, 7:20
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் சிறை வார்டராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தேர்தல் சமயத்தில் உள்ளே வெளியை விட அதிகமாக அரசியல் பேசுவார்கள். ஒரு தினத்தந்தி பிளாக் முழுக்கச் சுற்றி, கிழிந்து நாலு துண்டாகத்தான் திரும்ப வரும். எங்கள் ஊரில் யார் நிற்கிறார், எந்தச் சின்னம் என்று என்னிடம் கேட்பார்கள். ஆயுள் கைதி ஒருவர், தோட்ட வேலை பார்ப்பவர், தன் ஊர்க் கண்மாயைத் தூர்வாருகிறேன் என்று யார் சொல்லியிருக்கிறார் என்று கேட்டார். ஊரை விட்டு வந்து பதினைந்து வருடம் இருக்கும். மகன் அங்கே விவசாயம் செய்கிறான் என்றார்.

அப்புறம் இன்னொன்று. குண்டாஸில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. கவர் வரும், ஓட்டுப் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், அனுப்பி வைப்போம்.

பெரியப்பா, 7:22
என்ன? குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவனுக்கு ஓட்டா?

தேவி, 7:27
ஆமாம் பெரிய மாமா. அது தடுப்புக்காவல். 1982-ஆம் வருட 14-ஆம் எண் சட்டம். தண்டனை இல்லை, கலெக்டரோ கமிஷனரோ போடும் உத்தரவு. தடுப்புக்காவலில் இருப்பவருக்கு 62(5)-லேயே விலக்கு இருக்கிறது. ஆக, ஆபத்தானவர் என்று அரசாங்கமே முத்திரை குத்தி அடைத்தவர் தபாலில் வாக்களிக்கலாம். செல்போன் கேஸில் ரிமாண்டில் இருக்கும் பையன் போட முடியாது. இதற்கு எந்த நியாயத்தைச் சொல்லி நான் என்னிடம் கேஸ் கொண்டு வருபவருக்கு விளக்குவது?

நான், 7:30
மதினி, கோர்ட்டில் யாரும் இதைக் கேட்கவில்லையா?

தேவி, 7:36
கேட்டார்கள். 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கு. பிரிவு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கைதிகள் எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும் என்றால் போலீஸும் பாதுகாப்பும் நிறைய வேண்டும். தன் செயலால் உள்ளே போனவர் வெளியே இருப்பவருக்குச் சமமான சுதந்திரம் கேட்க முடியாது. குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இவைதான் காரணங்கள். ஆனால் 2022 கணக்கில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மீது இன்னும் தீர்ப்பே இல்லை. "தன் செயலால்" என்று அவர்களை எப்படிச் சொல்வது?

போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்பதும் தபால் ஓட்டில் அடிபட்டுப் போகிறது. சின்ன மாமா சொன்ன அதே கவர்தானே?

சித்தப்பா, 7:41
கவர் அனுப்புவது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது தேவி. ஒரு பிளாக்கில் பெரிய கை ஒன்று இருந்தால் மற்றவர்கள் அவன் காட்டும் சின்னத்தில்தான் போடுவார்கள். பீடியும் கேன்டீன் சாமானும் அவன் கையில் இருக்கும். ஸ்டாஃபும் இவருக்குப் போடு என்று சொல்லிப் பார்ப்பார்கள். மறைவாக ஓட்டுப் போட வைப்பது அங்கே கஷ்டம். கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கொடுத்தால் அதற்கு வழி செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா, 7:44
சரி, ரிமாண்ட் கைதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பு வருகிற வரைக்கும் அவன் நிரபராதிதான். கொலைகாரனுக்கும் வேண்டும் என்று மட்டும் சொல்லாதே.

தேவி, 7:50
வேறு நாடுகளில் அவர்களுக்கும் கொடுக்கிறார்கள் பெரிய மாமா. கனடாவில் 2002-இல் உச்ச நீதிமன்றமே எல்லாக் கைதிகளுக்கும் ஓட்டு உண்டு என்றது. தென்னாப்பிரிக்காவில் 2004-இல் அதே மாதிரி தீர்ப்பு. இங்கிலாந்தில் தண்டனைக் கைதிக்கு இல்லை, ஆனால் ரிமாண்ட் கைதி வாக்களிக்கலாம். நாம் ரிமாண்டில் இருப்பவரையும் சேர்த்துத் தடுக்கிறோம்.

அத்தை, 7:58
நான் ஒன்று சொல்லட்டுமா. வரப்புத் தகராறில் என் கொழுந்தனை வெட்டினவன் உள்ளே இருக்கிறான். எல்லோருக்கும் தெரியும். கொழுந்தன் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கப் படிவம் 7 நான்தான் எழுதிக் கொடுத்தேன். இவர் கை நடுங்குகிறது என்று என்னிடம் தந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் "இறப்பு" என்று எழுதினேன். வெட்டினான் என்று எழுத அதில் இடம் இல்லை. இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போட்டேன். பட்டியலில் எங்கள் வீட்டில் ஒரு பெயர் குறைவு. அவனுக்குக் கவர் அனுப்புவார்கள் என்றால் என்னால் தாங்க முடியாது.

சித்தப்பா, 8:01
அக்கா 🙏

தேவி, 8:14
அம்மா, செத்துப்போனவர் எனக்குச் சித்தப்பா. சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். அவனை மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆயுள் தண்டனை கொடுத்த நீதிபதி அவனுடைய ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜெர்மனியில் சில குற்றங்களுக்கு, நீதிபதி தீர்ப்பில் தனியாகச் சொன்னால் ஓட்டுரிமை சில வருடங்களுக்குப் போகும். அப்படி ஒரு முறை வந்தால், அந்த வழக்கில் நானே எழுந்து நின்று அவனுக்கு ஓட்டு வேண்டாம் என்று வாதாடுவேன். யார் உள்ளே இருந்தாலும் எல்லோரையும் ஒரே அடியாக வெட்டிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அத்தை, 8:17
நீ வக்கீலாகப் பேசுகிறாய். பேசு. என் மனசு மாறாது.

தேவி, 8:17
மாற வேண்டாம் அம்மா.

நான், 8:25
தண்டனையில் என்னென்ன சேர்த்தி என்று தீர்ப்பில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கொலைக் கேஸில் நீதிபதி ஓட்டையும் எடுக்கிறார் என்றால், அத்தைக்காக நான் அதை ஏற்பேன். ஆனால் தீர்ப்பே வராத 4.34 லட்சம் பேர் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை. இன்றைக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நாம் யாராவது இதைக் கேட்டோமா?

பெரியப்பா, 8:27
கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தேவி, 8:30
அத்தை, சாந்தி அக்கா மகனுக்கு ஜாமீன் மனு போட்டார்களா?

அம்மா, 8:33
ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது தேவி. இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டுமாம், வீட்டு வரி ரசீதோடு. அவள் இருப்பது புறம்போக்கு. சொந்தக்காரர்களும் அப்படித்தான். யாரும் கிடைக்கவில்லை.

தேவி, 8:36
ஒரு மாதத்துக்கு மேலா! ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் ஆள் நிறுத்த முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் பார்க்கலாம் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மனு போடுகிறேன். ஜாமீன்தாரர் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

சித்தப்பா, 8:38
என் பெயரில் வரி ரசீது இருக்கிறது. நான் ஒரு ஆள்.

பெரியப்பா, 8:40
அவன் மேல் வேறு கேஸ் ஏதாவது இருக்கிறதா? முதலில் அதை விசாரியுங்கள்.

அம்மா, 8:41
காலையில் வருவாள். கேட்டுச் சொல்கிறேன்.

தேவி, 8:42
எஃப்.ஐ.ஆர். நம்பரும் ஜாமீன் உத்தரவு நகலும் கொண்டுவரச் சொல்லுங்கள் அத்தை. நகல் இல்லாவிட்டால் பரவாயில்லை, கோர்ட் பெயரும் தேதியும் போதும். நான் எடுத்துக்கொள்கிறேன்.