மாகாணம் பிடித்ததற்கு ரோமர் அடித்த காசுகள்: என் பட்டியல் சரியா?

ஜெலுத்தோங் காசுப்பெட்டி:
வணக்கம். ரோமர்கள் புதிதாக ஒரு நாட்டைத் தங்கள் ஆட்சியில் சேர்த்தபோது அடித்த காசுகளின் படங்களை மட்டும் ஒரு ஆல்பமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை எகிப்துக்கு முதலை, அரேபியாவுக்கு ஒட்டகம், யூதேயாவுக்குப் பேரீச்ச மரத்தடியில் அழுதபடி உட்கார்ந்திருக்கும் பெண். வேறு என்ன சேர்க்கலாம்? அப்புறம், இங்கே பழைய சாமான் சந்தையில் ஒருவர் அந்த ஒட்டகக் காசையே 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

செந்தூல்காரன்:
முதலில் அந்த அழும் பெண்ணை எடுத்துவிடுங்கள். யூதேயா கி.பி. 6-லேயே ரோமின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிட்டது. 66-ல் கிளர்ச்சி வெடித்து, 70-ல் ஜெருசலேம் விழுந்த பிறகு பேரரசர் வெஸ்பாசியன் அடித்த காசு அது. உள்நாட்டுப் போரில் ஜெயித்து அரியணை ஏறிய மனிதருக்குக் காட்டிக்கொள்ள ஒரு வெளிநாட்டு வெற்றி வேண்டியிருந்தது, அதனால் கலகத்தை அடக்கியதையே புது நாட்டைப் பிடித்த மாதிரி ஊரெல்லாம் பரப்பினார். முதல் பேரரசர் அகஸ்டஸின் 'ஆர்மீனியா கேப்டா' (ஆர்மீனியா பிடிபட்டது) காசு இன்னும் மோசம். கி.மு. 20-ல் அங்கே பெரிய சண்டையே இல்லை, அவருடைய வளர்ப்பு மகன் டைபீரியஸ் போய் ரோமுக்கு வேண்டிய டிக்ரானஸை ராஜாவாக உட்காரவைத்தார், நாடு அப்போது மாகாணமாகவும் ஆகவில்லை.

முதலை தாராளமாக இருக்கலாம். எகிப்து விழுந்தது கி.மு. 30, காசு 28. ஆனால் தோற்றவர்களில் ஆண்டனி என்ற ரோமரும் இருந்தாரே, அவர் பேச்சே அதில் இல்லை பாருங்கள்!

எனக்குப் பிடித்தது ஒட்டகம்தான். கி.பி. 106-ல் சிரியா ஆளுநர் பால்மா மூலம் அரேபியப் பக்கத்து நபாத்தேய அரசைப் பேரரசர் டிராஜன் சேர்த்துக்கொண்டார், பெரிய போர் நடந்ததாகத் தெரியவில்லை, காசும் சில வருடம் கழித்துத்தான் வந்தது. அதனால் கைதி, ஆயுதக் குவியல் எதுவும் இல்லாமல், கையில் கிளையோடு ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள், காலடியில் குட்டியாக ஒட்டகம். அதே டிராஜன் அதே காலத்தில் ரத்தம் சிந்திப் பிடித்த டேசியாவுக்கு (இன்றைய ருமேனியா பக்கம்) அடித்த காசுகளைப் பக்கத்தில் வையுங்கள், ஆயுதங்கள் மேல் குந்தியிருக்கும் கைதிகளாக இருக்கும்.

தாமான்_மலர்:
அண்ணே, மெசொப்பொத்தேமியாவை (இன்றைய இராக் பக்கம்) விட்டுவிட்டீர்களே. 116-ல் டிராஜன் அடித்த பெரிய வெண்கலக் காசில் ஆர்மீனியா நாடும் யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகளும் ஆள் உருவில் அவர் காலடியில் கிடக்கும். அடுத்த வருடமே அவர் போய்ச் சேர, அடுத்து வந்த பேரரசர் ஹேட்ரியன் அந்தப் பக்கமெல்லாம் கைவிட்டுவிட்டார். மாகாணம் போச்சு, காசு நிற்கிறது.

ஜெலுத்தோங் காசுப்பெட்டி:
நன்றி, டேசியாவும் மெசொப்பொத்தேமியாவும் சேர்த்தாச்சு. அழும் பெண்ணுக்குத் தனிப் பக்கம். சரி, 80 வெள்ளி விலை சொன்ன அந்த ஒட்டகக் காசு?

செந்தூல்காரன்:
எடை போட்டுப் பாருங்கள் தம்பி, டினாரியஸ் (ரோமரின் வெள்ளி நாணயம்) என்றால் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினாலோ, மேலே ஊசிக்குத்து மாதிரி குழிகள் இருந்தாலோ அச்சில் வார்த்த போலி. தராசு வைக்க அவர் விடவில்லை என்றால் அந்த 80 வெள்ளிக்கு நல்ல 'நாசி கண்டார்' சோறு சாப்பிடுங்கள்.