குஞ்சு, வளரும் பேடு, முட்டைக்கோழி, சேவல் எல்லாம் ஒரே வளவில்: யார் என்ன தீன் போடுகிறீர்கள்?

கோப்பாயிலிருந்து

எங்கள் வளவில் முட்டையிடும் பேடுகளும் சேவலும் மூன்று மாதத்துக் கோழிகளும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. பின்னேரம் தீன் வைத்தால் எல்லாம் ஒரே தட்டில் வந்து விழும். அனேகமான வீடுகளில் இதே நிலைதான். அதனால் பக்கத்து வளவில் நடந்ததை எழுதுகிறேன்.

அந்த அக்கா முட்டையிடும் கோழிக்கென்று வரும் லேயர் மாஷ் மட்டும்தான் வாங்குவார். முட்டைதானே வேண்டும், எல்லாவற்றுக்கும் இதையே போடுங்கள் என்று தீன் கடையில் சொல்லியிருந்தார்கள். வளரும் பேடுகள் வடிவாகத் தின்றன, ஆனால் உடம்பு வைக்கவில்லை. எச்சம் தண்ணீராகப் போனது. பூச்சிமருந்து கொடுத்தார், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தார். முட்டைக்கு வரும் பருவத்தில் ஒரு பேடு செத்தது, பிறகு இன்னொன்று. இரண்டாவதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன்.

வைத்தியர் வெட்டிக் காட்டினார். ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் படலம். சிறுநீரகம் வீங்கி வெளிறியிருந்தது. தண்ணீர் ஒழுங்காக வைக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார். தண்ணீர் தட்டுப்பட்டாலும் இப்படி வருமாம், சில தொற்று நோய்களாலும் வருமாம். தண்ணீரில் குறையில்லை என்று தெரிந்த பிறகு, என்ன தீன் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

அவர் விளக்கியது இதுதான். லேயர் தீனில் கல்சியம் மூன்றரை முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்கு ஏறத்தாழ 1 சதவீதம் போதும். முட்டையிடும் பேட்டுக்கு ஓடு கட்ட அந்தக் கல்சியம் தேவை. இன்னும் முட்டைக்கு வராத பேட்டுக்கு அதைச் செலவழிக்க வழியில்லை, மிஞ்சியதையெல்லாம் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். வாரக்கணக்கில் தள்ளித் தள்ளி அது பழுதாகிவிடும். பிறகு எச்சத்தோடு போக வேண்டிய யூரிக் அமிலம் என்ற கழிவு வெளியேற முடியாமல் உறுப்புகளின் மேல் படியும். நாங்கள் பார்த்த வெள்ளைப் படலம் அதுதான். பழுதான சிறுநீரகத்தோடு முட்டைக்கு வந்த பேடு, பார்க்க நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று விழுந்து சாகும்.

அன்றிலிருந்து என் முடிவு இது: கூட்டத்தில் வளரும் கோழி ஒன்று இருந்தாலும் தட்டில் லேயர் தீன் இல்லை. எல்லாவற்றுக்கும் குறோவர், அதாவது வளரும் கோழிக்கான தீன். முட்டைக்காரிகளுக்குக் கல்சியத்துக்கு இடித்த சிப்பி தனித் தட்டில். சேவலுக்கும் இதுதான் நல்லது, அது என்ன முட்டையா இடப்போகிறது?

வேலணையிலிருந்து

சிப்பி பற்றி நான் சொல்கிறேன். இங்கே கரையில் பொறுக்கலாம், காசு இல்லை. உப்புப் போகும் வரை கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் இடிப்போம். மாவாக இடிக்க வேண்டாம். பயறின் பருமனில் இருந்தால் நல்லது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டும், அந்த நேரம் தட்டில் தீன் இருக்காது. பருக்கையான சிப்பி இரைப்பையில் கிடந்து மெல்ல மெல்லக் கரையும், தூள் சீக்கிரம் போய்விடும். எங்கள் பேடுகள் கூட்டுக்குப் போகும் முன்தான் சிப்பித் தட்டுக்கு வரும். குஞ்சுகள் ஒன்றிரண்டைக் கொத்திவிட்டு அப்பால் போய்விடும்.

சிப்பியைத் தீனோடு கலந்து விடாதீர்கள். கலந்தால் வேண்டாதவைக்கும் போய்ச் சேரும், பிறகு குறோவர் வாங்கியதில் பயனில்லை.

சாவகச்சேரியிலிருந்து

கோப்பாய்க்காரர் சொல்வது சரி. ஆனால் சின்னக் குஞ்சும் இருந்தால் குறோவர் போதாது. அதற்குப் புரதம் 18 முதல் 20 சதவீதம் உள்ள ஸ்டார்ட்டர் வேண்டும், குறோவரில் 15, 16 தான். நான் கோழி மூடும் கூடையான கரப்பைக் கவிழ்த்து, விளிம்புக்குக் கீழே கல் வைத்து உயர்த்திவிடுவேன். குஞ்சு உள்ளே நுழையும், பெரிய கோழி நுழையாது. ஸ்டார்ட்டர் கரப்புக்குள்ளே, குறோவர் வெளியே. அகலமான கரப்பாக இருக்கட்டும், தட்டை விளிம்போரம் வைத்தால் பெரிய பேடு கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் முடித்துவிடும். எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரம் வரும்.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் சிலவற்றில் இரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கும். மாரியில் ஈரம் ஏறும்போது குஞ்சுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் முட்டையிடும் பேடு அதைத் தின்றால் முட்டையிலும் மருந்து வரலாம். பையில் உள்ள சீட்டை வாசித்து, முட்டைக்கோழிக்குக் கொடுக்கலாமா என்று பாருங்கள். சீட்டில் சாலினோமைசின் என்று அந்த மருந்துகளில் ஒன்றின் பெயர் இருந்தால், வான்கோழி வைத்திருப்பவர்கள் கிட்டவும் விட வேண்டாம். கோழிக்குப் பாதுகாப்பான அளவே வான்கோழியைக் கொல்லும். என் கூட்டத்தில் வான்கோழியும் உண்டு, அதனால் மருந்தில்லாத தீன் கேட்டு வாங்குகிறேன்.

சுன்னாகத்திலிருந்து

எல்லாம் சரி, விலையையும் பேசுவோம். 2022 இல் சோளத் தட்டுப்பாட்டோடு தீன் விலை ஏறியபோது, இங்கே பலர் குறோவரோடு பாதிக்குப் பாதி அரிசிக் குறுணல் கலந்தார்கள். என் அயலிலும் செய்தார்கள். குறுணலில் புரதம் 8 சதவீதம்கூடத் தேறாது. 16 உள்ள தீனோடு சரிபாதி கலந்தால் 12 ஆகிவிடும். வளரும் கோழிக்கு அது காணாது. இறகு பிந்தும், ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். குறுணலோ தவிடோ போடுவதென்றால் முட்டையை நிறுத்திய பழைய பேடுகளுக்குப் போடலாம், வளர்பவைக்குக் கூடாது. வெளியே மேய்ந்து கறையான், புழு பிடிக்கும் ஊர்க்கோழிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், கூட்டில் அடைத்ததற்கு முடியாது.

ஊர்க்கோழியில் ஒரு வசதி இருக்கிறது. அடை கிடந்து குஞ்சோடு திரியும் தாய்க்கோழி அப்போது முட்டையிடாது. அதற்கு லேயர் தீன் தேவையே இல்லை, குஞ்சோடு சேர்ந்து ஸ்டார்ட்டர் தின்னட்டும். மெலிந்த தாய்க்கு அந்தப் புரதம் நல்லது. அப்போதும் சாவகச்சேரிக்காரர் சொன்னது போலச் சீட்டைப் பாருங்கள், திரும்பவும் முட்டைக்கு வரும்போது தீனை மாற்றிவிடுங்கள்.

மாரியில் தீன் பையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். கட்டிபட்டு மணக்கும் தீனைக் குஞ்சுக்குப் போட வேண்டாம். பூஞ்சண நஞ்சு முதலில் அடிப்பது குஞ்சின் ஈரலைத்தான்.

கோப்பாயிலிருந்து மீண்டும்

எப்போது லேயருக்கு மாற்றலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கூட்டத்தில் கடைசிப் பேடும் முட்டைக்கு வந்த பிறகுதான். முட்டைக்கென்று வளர்க்கும் இனங்கள் 18, 20 வாரத்தில் தொடங்கிவிடும், ஊர்ப்பேடு ஆறு மாதம்கூட எடுக்கும். வாரத்தைப் பார்க்காமல் பேட்டைப் பாருங்கள். கொண்டை சிவக்கும், கை வைத்தால் குந்தும், மூலை மூலையாக இடம் தேடும். பக்கத்து அக்காவும் இப்போது குறோவரும் சிப்பியும்தான் வைக்கிறார். இந்த முறை அடைவைத்துப் பொரித்தவை நல்ல உடம்போடு நிற்கின்றன. முட்டை ஓடு தோல்போல வந்தவர்கள் யாராவது இருந்தால், சிப்பித் தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள், பருக்கை எவ்வளவு பெரிது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.