ஹார்னிமன் பற்றி 15 நிமிஷம் பேசணும்: எதை எடுப்பது, எதை விடுவது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
எங்கள் வாசகசாலையில் இந்த மாதம் பத்திரிகையாளர் பி.ஜி. ஹார்னிமன் பற்றிப் பேச்சு. கேட்க வருபவர்களில் பாதி பிளஸ் டூ பிள்ளைகள். கையில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: இங்கிலாந்தில் பிறந்தவர், பாம்பே கிரானிக்கிள் ஆசிரியர், ஜாலியன்வாலா பாக் படுகொலையை எழுதியதற்காக 1919-ல் நாடு கடத்தப்பட்டார். இது சரிதானா? பிறப்பிலிருந்து ஆரம்பிக்கலாமா? நம்ம பக்கத்து விஷயம் ஏதாவது சேர்க்க முடியுமா?

பழைய பேப்பர்:
முதல் இரண்டும் சரி. மூன்றாவதை அப்படியே சொல்லாதீர்கள், நிறையப் பேர் சறுக்கும் இடம் அது. தேதிகளை வரிசையாக வையுங்கள். 1919 மார்ச் 30, ரௌலட் சட்ட எதிர்ப்பில் டெல்லியில் துப்பாக்கிச்சூடு. ஏப்ரல் 13, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. ஏப்ரல் 26, ஹார்னிமன் பம்பாயில் கப்பலேற்றப்படுகிறார். நடுவில் 13 நாள்தான். பஞ்சாபில் ராணுவச் சட்டம், செய்திக்குக் கடும் தணிக்கை. முழு விவரம் வெளியே வரவே மாதக்கணக்கானது. இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு லண்டன் பாராளுமன்றத்தில் சொன்ன காரணமே வேறு: டெல்லியில் உடம்புக்குள் போய்ச் சிதறும் ரகத் தோட்டாவால் சுட்டார்கள் என்று கிரானிக்கிள் எழுதியது, பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பேப்பர் இலவசமாகக் கொடுக்கப்பட்டது.

விசாரணை கிடையாது. பயன்படுத்தியது 1915-ன் இந்தியப் பாதுகாப்புச் சட்டம். முதல் உலகப் போர்க்காலத்துக்கும் அதன் பிறகு ஆறு மாதத்துக்கும் என்று போட்ட சட்டம். 1918 நவம்பரிலேயே பீரங்கி ஓய்ந்துவிட்டது. ஆனால் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28-ல்தான், அதனால் ஏப்ரலில் சட்டத்துக்கு உயிர் இருந்தது. பிள்ளைகளுக்கு இதை நிறுத்தி விளக்குங்கள்.

படுகொலையை அவர் பெரிதாக வெளிக்கொண்டு வந்தது லண்டன் போன பிறகு. ரகசியமாகக் கொண்டுபோன படங்களோடு டெய்லி ஹெரால்ட் பத்திரிகையில் எழுதினார். கிரானிக்கிளின் நிருபர் கோவர்தன் தாஸ் மூன்று வருஷம் சிறை போனார். அவர் பெயரை மேடையில் விடாமல் சொல்லுங்கள், வெள்ளைக்கார ஆசிரியரைப் புகழும்போது இவர் மறந்து போகிறார்.

சித்தூர் ராஜன்:
தம்பி, பிறப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், பிள்ளைகள் கவனம் ஐந்தாவது நிமிஷத்தில் போய்விடும். கப்பலேற்றிய நாளில் தொடங்குங்கள். மார்ச் 30 முதல் ஏப்ரல் 26 வரையான அந்த நாலு வாரத்துக்கு ஏழு நிமிஷம். பிறகு பின்னால் போய் மூன்று நிமிஷம்: 1873-ல் சஸெக்ஸில் பிறப்பு, 1894-ல் போர்ட்ஸ்மத்தில் முதல் பத்திரிகை வேலை, மான்செஸ்டர் கார்டியன், 1906-ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன், 1913-ல் பெரோஸ்ஷா மேத்தா தொடங்கிய கிரானிக்கிள். மிச்சம் திரும்பி வந்த பிறகு: 1926 ஜனவரியில் மறுபடி அதே ஆசிரியர் நாற்காலி, 1933 முதல் பாம்பே சென்டினல், 1948-ல் மரணம். கிரானிக்கிள் காலைப் பேப்பர், சென்டினல் மாலைப் பேப்பர், இரண்டையும் குழப்பாதீர்கள். மும்பையில் முன்பு எல்ஃபின்ஸ்டன் சர்க்கிள் என்றிருந்த இடம் இன்று ஹார்னிமன் சர்க்கிள். அதன் படம் ஒன்று காட்டினால் போதும்.

இன்னொன்று: 1920 முதல் 1924 வரை கிரானிக்கிளை நடத்திய மார்மடியூக் பிக்தாலும் இங்கிலாந்தில் பிறந்தவரே. இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதியவர்கள் உண்டு.

நாஞ்சில் வாசகி:
நம்ம பக்கத்து விஷயம் கேட்டீர்களே, சுதேசாபிமானி பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைச் சேருங்கள். திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியை விடாமல் விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, திருவிதாங்கூருக்கு வெளியே போலீஸ் காவலில் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு சென்னை, உங்கள் பாலக்காடு, கடைசியில் கண்ணூர். 1916 மார்ச் 28-ல் அங்கேயே காலமானார், வயது 37.

ஒப்பிடும்போது வித்தியாசத்தையும் சொல்லுங்கள். ஹார்னிமன் போன பிறகும் கிரானிக்கிள் நடந்தது, ஏழு வருஷம் கழித்து அவர் திரும்பினார். ராமகிருஷ்ண பிள்ளை திரும்பவே இல்லை. அச்சகத்தின் சொந்தக்காரர் வக்கம் மௌலவிக்கும் அது அவர் காலத்தில் திரும்பக் கிடைக்கவில்லை. ஆசிரியரை அனுப்புவது ஒன்று, அச்சையே எடுத்துக்கொள்வது வேறு. இதற்கு இரண்டு நிமிஷமாவது ஒதுக்குங்கள், பாலக்காட்டுப் பிள்ளைகள் அங்கே நிமிர்ந்து உட்காருவார்கள்.