தலங்கமவில் தோள் கழன்றது: மொனோபொட் வாங்கவா, வேண்டாமா?

கடற்கரை_வீதி:
வெள்ளவத்தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்துத் தலங்கம குளத்துக்குப் பறவை எடுக்கப் போகிறவன் நான். ஆறு மாதமாகக் கையில் தூரத்துப் பறவையைக் கிட்ட இழுக்கிற ஒரு 150-600 மிமீ லென்ஸ் இருக்கிறது, ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ, கமராவையும் சேர்த்தால் மூன்றை நெருங்கும். போன கிழமை நீளவால் இலைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு இலைகளுக்குப் பின்னால் நின்றது. இப்போது வரும், இப்போது வரும் என்று இருபது நிமிடம் கண்ணிலிருந்து கமராவை எடுக்காமல் நின்றதில் இடது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நான் லென்ஸை இறக்கிய அந்த நொடியில்தான் அது வெளியே வந்தது, வேறெப்போது வரும்? வீட்டுக்கு வந்து பார்த்தால் எடுத்த நானூறு படத்தில் முக்கால்வாசி மங்கல். கமராவைத் தாங்குகிற ஒற்றைக் கம்பு, அந்த மொனோபொட் ஒன்று வாங்கினால் இது தீருமா?

கைவீச்சு:
தீராது. காசை மிச்சம் பிடியுங்கள். இப்போது வருகிற இந்த மாதிரி நீள லென்ஸ் பெரும்பாலானவற்றில் அசைவு தடுக்கும் வசதி இருக்கிறது, உங்களுடையதிலும் இருக்கும். பறவை என்பது கல்யாண மண்டபத்தில் நிற்கிற மாப்பிள்ளை இல்லை, அது பறக்கும், தலைக்கு மேலே போகும், பின்னால் போகும். கம்பில் கட்டிய கமராவோடு அதைத் துரத்திப் பாருங்கள், பிறகு தெரியும். நான் நாலு வருடமாகக் கையில்தான் பிடிக்கிறேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது கையை லென்ஸின் முன்பக்கம் தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று செக்கன் எடுத்துவிட்டுக் கையை இறக்க வேண்டும். இருபது நிமிடம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது உங்கள் பிழை, அதற்கு லென்ஸ் என்ன செய்யும்?

ஒற்றைக்கால் கொக்கு:
கைவீச்சுத் தம்பிக்கு வயது இருபத்தைந்து தாண்டியிராது என்று நினைக்கிறேன். தோள்மூட்டுத் தேய்ந்த பிறகு இதே வசனத்தை எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மொனோபொட்டைப் படக் கூர்மைக்கு என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அது முதலில் பாரம் தாங்க. பறவை எடுப்பதில் பத்தில் ஒன்பது பங்கு காத்திருப்பு. அந்த ஒன்பது பங்கிலும் மூன்று கிலோ யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பாருங்கள். பெரிய லென்ஸ் வைத்திருக்கிற ஆட்கள் நாள் முழுக்க ஒற்றைக்காலில்தான் வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கையில் பிடிக்கத் தெரியாமலா?

கைவீச்சு:
அண்ணை, துடுப்பாட்டக்காரன் நிற்கிற இடம் முன்கூட்டியே தெரியும். 22 யார் நீள ஆடுகளம். மீன்கொத்தி அப்படியா?

ஒற்றைக்கால் கொக்கு:
மீன்கொத்திதான் எல்லாவற்றையும் விட அப்படி. ஒரே கொப்பில் வந்து குந்தும், மீனைப் பிடித்துவிட்டுத் திரும்பவும் அதே கொப்புக்கு வரும். பறவையைப் பார்க்காமல் ஷட்டரை மட்டும் பார்க்கிறீர்கள் போல இருக்கிறது.

பயறுமூட்டை:
இரண்டு பேரும் நடந்து போகிற ஆட்கள் மாதிரிக் கதைக்கிறீர்கள். வில்பத்துவுக்கோ யாலவுக்கோ போனால் ஜீப்பை விட்டு இறங்கவே ஏலாது, குறித்த சில இடங்கள் தவிர. ஜீப்பின் தகரத் தரையில் மொனோபொட்டை ஊன்றினால் எஞ்சினின் நடுக்கம் அப்படியே கம்பு வழியாக லென்ஸுக்கு ஏறும், பக்கத்தில் இருக்கிற மச்சான் கால் மாற்றி வைத்தாலும் படம் ஆடும். அங்கே தலையணை மாதிரி ஒரு துணிமூட்டைதான் சரி, ஜன்னல் கம்பியில் போட்டு மேலே லென்ஸை வைத்தால் கல்லு மாதிரி நிற்கும். எஞ்சினை நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம்.

என் பெயருக்கும் காரணம் அதுதான். வெறும் பையைக் கொண்டு போய் வழியில் ஒரு கடையில் இரண்டு கிலோ பயறு வாங்கி நிரப்பினேன். அன்று நல்ல மழை. திரும்பி வந்து பையை மூலையில் போட்டுவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் அம்மா அறைக்குள் என்ன மணம் என்று கேட்கிறா, பார்த்தால் தையல் வழியாக முளை எட்டிப் பார்க்கிறது.

நீலத்தாழை:
சிரித்து முடிந்துவிட்டதா எல்லோருக்கும்? கேள்வி கேட்ட தம்பியின் படத்தை யாருமே கேட்கவில்லை. மங்கல் என்றால் எந்த மங்கல்? தம்பி, இரண்டு மூன்று படத்தை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) விபரத்தோடு போடுங்கள்.

கடற்கரை_வீதி:
போடுகிறேன் அக்கா. மூன்றும் 600இல் எடுத்தவை, ஷட்டர் 1/320 செக்கன், ஐஎஸ்ஓ 400, லென்ஸின் துவாரம் எஃப் 6.3. முதலாவது வெண்மார்பு மீன்கொத்தி கொப்பிலிருந்து பாய்கிற நேரம். இரண்டாவது குளத்தின் மறுகரையில் நீர்க்காகங்கள், பதினொரு மணி வெயில். மூன்றாவது அந்த இலைக்கோழி.

நீலத்தாழை:
பார்த்தேன். மூன்றும் மூன்று நோய்.

முதலாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொப்பின் பட்டையில் இருக்கிற வெடிப்பு வரை தெளிவாக இருக்கிறது, பறவை மட்டும் நீலப் பூச்சாக இழுபட்டிருக்கிறது. கமரா அசையவில்லை, பறவைதான் அசைந்தது. இதை மொனோபொட்டும் தீர்க்காது, மூன்று கால் ரைபொட்டும் தீர்க்காது, லென்ஸில் இருக்கிற அசைவுத் தடுப்பும் தீர்க்காது. 1/2000க்குப் போக வேண்டும். ஐஎஸ்ஓ 400ஐ 2500 ஆக்கினால் அதே வெளிச்சத்தில் 1/2000 கிடைக்கும். படத்தில் கொஞ்சம் மணல் தூவினமாதிரி வரும், வரட்டும், மங்கிய படத்தை விட மேல்.

இரண்டாவதில் நீர்க்காகம், கட்டை, பின்னால் இருக்கிற புல், எல்லாமே நெளிகிறது. அது கானல். சூடேறிய காற்றுக்குள்ளால் அவ்வளவு தூரம் எடுத்தால் எந்த லென்ஸும் அப்படித்தான். வீட்டுக்குப் போகிற நேரத்தில் படம் எடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவதுதான் கை. இலை, பறவை, தண்ணீரில் மினுங்குகிற புள்ளி எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழாகக் கோடு இழுத்திருக்கிறது. களைத்த கை லென்ஸின் முன்பக்கத்தைக் கீழே விட்டிருக்கிறது. உங்கள் கமராவில் இருப்பது சிறிய சென்சர் என்றால் 600இல் படத்துக்குள் அகலத்துக்கு விழுவது இரண்டே கால் பாகைதான். கை ஒரு மயிரிழை இறங்கினாலும் அது படத்தில் தெரியும். சிறிய சென்சருக்காக 600ஐ ஒன்றரையால் பெருக்கினால் 900, ஷட்டர் அந்த எண்ணுக்குக் குறையக் கூடாது, ஆகவே அசைவுத் தடுப்பு இல்லாமல் என்றால் 1/1000க்குக் கிட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. தடுப்பு இருந்தபடியால்தான் 1/320இல் மற்ற இரண்டும் கையால் கெடவில்லை. இருபது நிமிடம் தூக்கிய கைக்கு அந்தத் தடுப்பும் போதவில்லை.

கைவீச்சு:
பார்த்தீர்களா, மூன்றில் இரண்டுக்கு மொனோபொட் தேவையே இல்லை. நான் சொன்னதுதான்.

ஒற்றைக்கால் கொக்கு:
அந்த மூன்றாவதைத்தானே அவர் கேட்டார்! தோள் வலிக்கிறது என்று வந்த ஆளிடம் உனக்குப் பல்வலி இல்லை என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறீர்.

கைவீச்சு:
சரி, மூன்றாவது உங்களுக்கு. ஆனால் மொனோபொட் தடுக்கிற அசைவு எது என்பதையும் சொல்லுங்கள். அடி நிலத்தில், தலை என் கையில். மேல் கீழாக விழுவதைத் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டில்? முன் பின்? காற்றில் ஆடுகிற கமுகு மாதிரித்தான் நிற்கும். அதை எல்லாம் லென்ஸின் தடுப்புத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்புக்கு என்ன வேலை?

ஒற்றைக்கால் கொக்கு:
நீர் கம்பை உமக்கு முன்னால் நேராக நட்டுவைத்துப் பிடிக்கிற ஆள், அதுதான். அடியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்து, இரண்டு காலையும் அகட்டி, உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தைக் கம்பில் சாய்க்க வேண்டும். அப்போது உம்முடைய இரண்டு கால், கம்பு ஒன்று, மூன்று கால். பக்கவாட்டு ஆட்டம் பாதி அடங்கும். மிச்சத்துக்கு லென்ஸின் தடுப்பை அணைக்காமல் விட வேண்டும். ரைபொட்டில் வைத்தால் அணை என்று பழைய லென்ஸ்களுக்குச் சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டு மொனோபொட்டிலும் அணைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை வேண்டாம்.

பயறுமூட்டை:
பெத்தகான ஈரநிலப் பூங்காவில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா கொக்கு அண்ணை? அங்கே நடைபாதை பலகை. பின்னால் ஒரு குடும்பம் நடந்து வந்தால் போதும், பலகை துள்ளும், கம்பும் சேர்ந்து துள்ளும். கையில் பிடித்திருந்தால் முழங்கால் அதை வாங்கிக்கொள்ளும்.

ஒற்றைக்கால் கொக்கு:
அது உண்மை. அங்கே ஆட்கள் கடந்து போகும் வரை விரலை எடுத்துவிட்டு நிற்பேன், வேறு வழி இல்லை. விடிய முதல் ஆளாகப் போனால் அந்தத் தொல்லை குறைவு.

நீலத்தாழை:
என் தரப்பையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் மொனோபொட் வைத்திருக்கிறேன், ஆனால் கொக்கு அண்ணை மாதிரி ஒற்றைக்காலில் நிற்கிற ஆள் இல்லை. எனக்குத் தோளில் அடிபட்ட பிறகு வாங்கினேன், அது இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனை வீட்டு மொட்டைமாடியில் காகத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வாங்கி முதல் மாதம் அது எனக்குப் பெரிய எரிச்சல். லென்ஸை நேரே கம்பின் தலையில் முறுக்கினேன். பஞ்சுருட்டான் குருவி ஒரு மரத்தின் உச்சியில் இருந்தால் நான் கம்போடு பின்னால் சாய வேண்டும். சாய்ந்தால் பிடிப்பே இல்லை. பிறகுதான் விளங்கியது, மேலும் கீழும் மட்டும் சாய்கிற ஒரு சிறிய தலை வேண்டும். எல்லாப் பக்கமும் உருள்கிற உருண்டைத் தலை இதற்குச் சரிவராது, லென்ஸ் பக்கவாட்டில் தொப்பென்று விழும். இடம் வலம் திரும்புவதற்குக் கம்பையே திருப்பலாம்.

இன்னொன்று, லென்ஸின் காலில் இருக்கிற துளை கால் அங்குலம், மொனோபொட்டின் உச்சியில் பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குல ஆணி. வாங்குகிற இடத்திலேயே பூட்டிப் பாருங்கள்.

அப்புறம் சேறு. குளக்கட்டுக்குக் கீழே இறங்கினால் ரப்பர் அடி ஒரு சாண் உள்ளே போய்விடும். நான் பையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருக்கிறேன். சேற்றில் அதைக் கிண்ணம் மாதிரி நிமிர்த்தி அழுத்தி, அதற்குள் கம்பை ஊன்றினால் இறங்காது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கைவீச்சு:
சிரட்டை, சாய்கிற தலை, ஆணி, கம்பு. அக்கா, இவ்வளவையும் பூட்டி முடிக்கப் பறவை மன்னாருக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பூங்காவில் நண்பன் மொனோபொட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனதற்குக் காவலாளி ஓடி வந்து மறித்தார், தூரத்தில் பார்க்கத் துவக்கு மாதிரித் தெரிந்ததாம். அரைகுறைச் சிங்களத்தில் நான்தான் விளங்கப்படுத்தினேன். 2018இல் கொழும்பை, ஈரநிலங்களைக் காக்கிற ரம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று அறிவித்தார்கள், நகரத்துக்குள்ளேயே இவ்வளவு பறவை. ஆனால் பறவை எடுக்கப் போகிறவன் கையில் என்ன இருக்கிறது என்பதற்கு இன்னும் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கமரா மட்டும் என்றால் யாரும் கேட்பதில்லை.

ஒற்றைக்கால் கொக்கு:
கம்பை மடக்கிக் கையில் கொண்டு போக வேண்டும். தோளில் சாய்த்தால் நானும்தான் பயப்படுவேன்.

கடற்கரை_வீதி, தெஹிவளையில் என் வீட்டில் பழைய அலுமினியம் ஒன்று சும்மா கிடக்கிறது, சாய்கிற தலையோடு. வாங்க முதல் அதைக் கொண்டுபோய்ப் பாவித்துப் பாருங்கள். தனிச்செய்தியில் எழுதுங்கள்.

கடற்கரை_வீதி:
இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கொக்கு அண்ணையின் கம்போடு இரண்டு ஞாயிறு போனேன்.

இலைக்கோழி கிடைத்தது. நாற்பது நிமிடம் நின்றேன், கை நடுங்கவில்லை. கமரா கண் மட்டத்திலேயே இருந்தபடியால் அது கழுத்தை நீட்டிய முதல் நொடியே எடுத்தேன். 1/640, கண்ணில் இருக்கிற வெளிச்சப் புள்ளி வரை தெரிகிறது. நீலத்தாழை அக்கா சொன்னபடி மீன்கொத்திக்கு 1/2000 வைத்தேன், பத்தில் மூன்று தேறியது. முன்பு ஒன்றும் தேறியதில்லை.

ஆனால் கைவீச்சு சொன்னதும் நடந்தது. செம்பருந்து ஒன்று காலில் மீனோடு நேரே என் தலைக்கு மேலால் வந்தது. நான் பின்னால் வளைய, கம்பும் நிலத்தை விட்டுக் கிளம்பி முழங்காலில் அடிக்க, வெறும் வானத்தை ஒன்பது படம் எடுத்திருக்கிறேன். குளக்கட்டில் நடந்து போன ஒரு ஐயா விழுந்துவிடாதே மகன் என்று முதுகைப் பிடித்தார்.

கைவீச்சு:
அந்த ஒன்பது படத்தையும் போடுங்கள், சட்டம் போட்டு மாட்டலாம்.

நீலத்தாழை:
பருந்து வருகிற சத்தம் கேட்டவுடன் தலையின் பூட்டைக் கழற்றி லென்ஸை மட்டும் கையில் எடுக்கப் பழக வேண்டும். விரைவாகக் கழல்கிற தட்டு ஒன்று பூட்டினால் மூன்று செக்கன் வேலை.

கைவீச்சு:
ஆக, நல்ல படம் வேண்டுமென்றால் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். நன்றி அக்கா.

ஒற்றைக்கால் கொக்கு:
பறக்கிறதற்குக் கை, குந்துகிறதற்குக் கம்பு என்று முதல் நாளே எழுதியிருந்தால் நீர் ஒப்புக்கொண்டிருப்பீரா? கடற்கரை_வீதி, கம்பை இந்தச் சனிக்குள் கொண்டுவந்து தாரும். ஞாயிறு முத்துராஜவெல போகிறேன், எனக்கு வேண்டும். அடியில் இருக்கிற சேற்றைக் கழுவிவிட்டு.

கடற்கரை_வீதி:
கழுவிவிட்டேன் அண்ணை. சிரட்டையும் சேர்த்துத் தரவா?