அப்பத்தா வீட்டு சொந்தங்கள்: புரொஜெக்டர் கேட்டு ஆரம்பிச்ச பேச்சு

செவ்வாய்க்கிழமை, இரவு 8:14

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். முத்து மாமா, உங்க மைக்செட் கடை புரொஜெக்டர் வர்ற நாலு வெள்ளிக்கிழமையும் சும்மா இருக்குமா? சாயந்திரம் 4 மணியில இருந்து 6:30 வரைக்கும். காலேஜ்ல படம் போடுறோம். செமினார் ஹால்ல இருக்கிற புரொஜெக்டர் பல்பு போயி ஆறு மாசமாச்சு.

முத்து மாமா: என்ன படம்

யாழினி: விலங்கு உரிமை பத்தின படங்க மாமா. வாரம் ஒண்ணு. முடிஞ்சதும் அரை மணி நேரம் உக்காந்து பேசுறது.

கார்த்தி: பரியேறும் பெருமாள் போடு. கருப்பிய பாத்து ஹாலே அழும்

ராணி அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். கிடா கணக்க யாருமே சொல்லல. சிவராத்திரிக்கு மறுநாள் நம்ம கோயில்ல பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை அடிச்சாச்சு. தாய்மாமன் கிடா ஒண்ணு கார்த்தி. இன்னும் ரெண்டு வேணும்

அம்மா: சாப்டியா யாழி

செல்வம் சித்தப்பா: விலங்கு உரிமையா

செல்வம் சித்தப்பா: 2014 மே மாசம் நம்ம வாடிவாசல மூடுனவிங்க பேரு தானே அது

செல்வம் சித்தப்பா: நம்ம காளை செவலை மூணு பொங்கல் கட்டுத்தறியிலயே நின்னுச்சு. பருத்திக்கொட்டை வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும்

யாழினி: இருக்கு சித்தப்பா. 2017 தையில ஜல்லிக்கட்டுப் போராட்டத்தப்ப தமுக்கம் மைதானத்துல உங்க கையப் பிடிச்சுக்கிட்டு கத்துனவளும் நான்தான். கோவிச்சுக்காம முழுசாப் படிங்க. விலங்கு உரிமைன்னா வெளிநாட்டுக்காரன் சரக்குன்னு நினைக்கிறீங்க. இந்த நாட்டுல மிருகவதைக்கு எதிரா சட்டம் வேணும்னு ராஜ்யசபாவுல மசோதா கொண்டு வந்தது ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சவங்க. பொறந்தது நம்ம மதுரையில, 1904ல. அவங்க போட்ட பிள்ளையார் சுழியிலதான் 1960ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. 1962ல விலங்கு நல வாரியம் அமைச்சப்ப முதல் தலைவரும் அவங்கதான். அந்த வாரியம் ரொம்ப வருஷம் சென்னையிலதான் இருந்துச்சு. ஜல்லிக்கட்டு வழக்குல உங்களுக்கு எதிரா நின்னதும் அதே வாரியம்தான், அது வாஸ்தவம். 2023 மே 18ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதி பெஞ்ச் நம்ம மாநிலச் சட்டம் செல்லும்னு சொல்லி அந்த வழக்க முடிச்சாச்சு. நான் அதத் திரும்பக் கிளப்ப வரல. ஆனா அதே 1960 சட்டத்துல இன்னைக்கும் ஒரு மாட்ட அடிச்சு வதைச்சா, முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய்தான். உங்க காளை வெள்ளையன் வாலை எவனாச்சும் கடிச்சா நீங்க 50 ரூபாய வாங்கிக்கிட்டு விட்டுருவீங்களா?

சுதா சித்தி: அப்புறமா படிக்கிறேன் மா

கார்த்தி: 50 ரூவாயா??

செல்வம் சித்தப்பா: வால்ல கை வச்சா கைய ஒடிச்சுருவேன்

ராணி அத்தை: அப்ப கிடா வெட்டுனா கேஸு போடுவாய்ங்களா

யாழினி: இல்லத்தை. சமயச் சடங்குக்கு வெட்டுறது குத்தம் இல்லைன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு, 28வது பிரிவு.

ராணி அத்தை: 2003ல மட்டும் எப்படித் தடை போட்டாங்க. கார்த்தி காதுகுத்து அன்னைக்கு போலீஸ் வந்து கோயில் வாசல்ல நின்னுச்சு. வெறும் பொங்கல வச்சு இறக்கிட்டு வந்தோம். சம்பந்தி வீட்டுக்காரங்க இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க, உங்க வீட்டுல கத்திரிக்காக் குழம்பு ஊத்துனீங்கன்னு

யாழினி: அது 1950ல போட்ட வேற சட்டம் அத்தை, கோயில்ல ஆடு கோழி பலியிடக் கூடாதுன்னு. ரொம்ப நாளு தூங்கிக் கிடந்தத 2003ல எழுப்புனாங்க. மறுவருஷமே ரத்து பண்ணிட்டாங்க.

ராணி அத்தை: ரத்து பண்ணி என்ன. அவன் காது ஆறவே மூணு மாசம் ஆச்சு. சாமி குத்தம்

கார்த்தி: அது ஆசாரி கம்பி குத்தம் மா

முத்து மாமா: பாப்பா, திரை இருக்கா? எத்தன பேரு உக்காருவாய்ங்க

யாழினி: 80 நாற்காலி மாமா. திரை இல்ல, சுவர்ல சுண்ணாம்பு பேந்து கிடக்கு.

சுதா சித்தி: படிச்சுட்டேன். நாயப் பத்தியும் படம் போடுவீங்களா? எங்க தெருவுல ரெண்டாவது படிக்கிற பிள்ளைய கெண்டைக்கால்ல கடிச்சு, ஊசிக்கு நாலு தடவ அலைஞ்சாங்க. அந்தப் பிள்ளைக்கு உரிமை இல்லையா

யாழினி: இருக்கு சித்தி. நியாயமான கேள்வி. இந்த வேலையே ஒரு நாயாலதான் ஆரம்பிச்சுச்சு. எங்க கேன்டீன்கிட்ட பிஸ்கட்டுன்னு ஒரு பழுப்பு நாய், ஒன்பது வயசு. கருத்தடை பண்ணி ஊசி போட்டதுக்கு அடையாளமா காது நுனிய வெட்டி விட்டுருப்பாங்க. 2025 நவம்பர் 7ல பள்ளிக்கூடம், காலேஜ், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்துலயும் தெருநாய்களைப் பிடிச்சு காப்பகத்துக்குக் கொண்டு போகணும், பிடிச்ச இடத்துலயே திரும்ப விடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. போன மாசம் வலையோட வண்டி வந்துச்சு. அன்னைக்கு பிஸ்கட் மாவு மாஸ்டர் காலுக்கு அடியில, காலி மைதா சாக்குக்குள்ள சுருண்டு படுத்துருந்துச்சு. தப்பிச்சுருச்சு. அடுத்த தடவ தப்பிக்காது. பிஸ்கட் இத்தன வருஷம் அங்க இருந்ததாலதான் ஊசி போடாத வேற நாய் உள்ள வரல. 1964லயே மெட்ராஸ்ல பிளூ கிராஸ்ங்கிற விலங்கு நல அமைப்பு இந்தக் கருத்தடை வேலையத் தொடங்கிட்டாங்க. அப்பல்லாம் மாநகராட்சி நாயப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு, கொல்லக் கொல்ல குறையவே இல்ல. 1996லதான் கொல்றத விட்டுட்டு கருத்தடைக்கு வந்தாங்க. உங்க தெரு நாய்க்கு அந்த ஊசி ஒழுங்காப் போட்டுருந்தா அந்தப் பிள்ளை வீட்டுல அம்புட்டுப் பயம் இருந்துருக்காது சித்தி.

சுதா சித்தி: அதுவும் சரிதான். ஆனா எனக்கு நாயக் கண்டா பயம்தான்

அம்மா: யாழி சாப்டியான்னு கேட்டேன்

யாழினி: சாப்டேன் மா. உப்புமா.

புதன்கிழமை, காலை 6:02

சுப்பையா பெரியப்பா: [குரல் செய்தி 3:41]

கார்த்தி: பெரியப்பா, காத்து இரையுது. ஒண்ணும் கேக்கல

சுப்பையா பெரியப்பா: வாக்கிங் போகையில பேசினேன். டைப் செய்கிறேன், பொறுங்கள்.

சுப்பையா பெரியப்பா: நான் 31 வருஷம் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுத்தவன். யாழினி பேசுவதை இரவு முழுக்கப் படித்தேன். தவளைகள் ஈரச் சாக்கில் வரும். சாக்கைத் தரையில் வைத்தால் அது தானாக அசையும். குளோரோஃபார்ம் ஜாடிக்குள் போட்டு, மெழுகுத் தட்டில் மல்லாக்கக் கிடத்தி, நாலு காலுக்கும் குண்டூசி குத்துவோம். ரெண்டு பிள்ளைகளுக்கு ஒரு தவளை. நெஞ்சைத் திறந்த பிறகும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். "ஆரிக்கிள் ரெண்டு, வென்ட்ரிக்கிள் ஒன்று, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குச்சியால் தொட்டுக் காட்டுவேன். ஒரு வருஷம் ஒரு பெண் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். அவளுக்குச் செய்முறை மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிளூ கிராஸ்காரர்கள் கம்ப்யூஃப்ராக் என்று கணினியிலேயே அறுத்துப் பார்க்கும் தவளை தயாரித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, திரையில் அறுத்தால் கை பழகுமா என்று சொல்லிவிட்டேன். 2014ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கல்லூரிகளில் அறுப்பதை நிறுத்தச் சொன்னது. படிப்பு ஒன்றும் நின்றுவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கக் கூடாது. முதல் வெள்ளிக்கிழமை வந்து பத்து நிமிஷம் இதைச் சொல்லலாமா?

யாழினி: கட்டாயம் வாங்க பெரியப்பா. எங்க லேப்ல அந்த மெழுகுத் தட்டுங்க அலமாரியில இன்னும் அடுக்கி இருக்கு. குண்டூசி குத்துன ஓட்டையெல்லாம் அப்படியே இருக்கு.

சுதா சித்தி: 🙏

ராணி அத்தை: அண்ணே நீங்க எத்தன பேரு வர்றீங்க காதுகுத்துக்கு

செல்வம் சித்தப்பா: படத்து பேரெல்லாம் சொல்லு

யாழினி: முதல் வாரம் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலை தெப்பக்காடு முகாம்ல பொம்மனும் பெள்ளியும் தாயில்லாக் குட்டி ரகுவையும் அம்முவையும் வளர்க்கிறது. 2023ல ஆஸ்கார் வாங்குனது, முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும், அதனால பெரியப்பா பேச நேரம் இருக்கும். ரெண்டாவது ‘பிளாக்ஃபிஷ்’, 2013. திலிகும்னு ஒரு ஓர்கா திமிங்கிலம். 1983ல ஐஸ்லாந்து கடல்ல ரெண்டு வயசுக் குட்டியா பிடிச்சு வித்தை காட்டுறதுக்குத் தொட்டியில போட்டாங்க. மூணு மனுசங்க சாவுல அதுக்குச் சம்பந்தம் உண்டு. நம்ம தமுக்கத்துல உக்காந்திருந்தோமே, அதே 2017 ஜனவரியில தொட்டியிலயே செத்துப் போச்சு. நம்ம நாட்டுல 2013லயே டால்பின் காட்சிக் கூடம் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மூணாவது ‘ஆல் தட் பிரீத்ஸ்’. டெல்லியில ரெண்டு அண்ணன் தம்பி, மாஞ்சா நூல்ல அறுபட்டு விழுகிற கரும்பருந்துகளைத் தூக்கிட்டு வந்து வீட்டுக்கு அடியில வச்சு வைத்தியம் பாக்குறாங்க. கறி தின்னுற பறவைன்னு சொல்லி ஒரு பறவை ஆஸ்பத்திரியில சேர்க்க மாட்டேன்னுட்டாங்க, அதனால அவங்களே கத்துக்கிட்டாங்க.

ராணி அத்தை: ஆஸ்பத்திரில சேக்கலையா? பாவம்டி. பருந்துக்குப் பின்ன கீரையா போட முடியும்

முத்து மாமா: நாலாவது?

யாழினி: அதுதான் முடிவாகல. ‘காட்ஸ் இன் ஷாக்கிள்ஸ்’ போடணும்னு ஆசை, 2016ல சங்கீதா ஐயர் எடுத்தது, கேரளக் கோயில் யானைகளைப் பத்தி. துறைத்தலைவர் யோசிக்கிறார். கோயில்னாலே வம்பு வரும்னு.

சுப்பையா பெரியப்பா: ‘நல்ல நேரம்’ போடுங்கள். 1972. தேவர் பிலிம்ஸ். எம்.ஜி.ஆர். யானைகளோடு நடித்தது. கூட்டம் வரும்.

செல்வம் சித்தப்பா: 👌👌

யாழினி: எனக்கும் பிடிக்கும் பெரியப்பா. ஆனா அந்த யானை அப்படி ஆட என்னென்ன பழக்கியிருப்பாங்கன்னு எனக்கு இப்ப யோசனை ஓடுது. இன்னைக்குப் படத்துல ஒரு கோழி நடிக்கணும்னாக்கூட விலங்கு நல வாரியத்துகிட்ட அனுமதி வாங்கணும், 2001 விதி. அதையே பேசுபொருளா வச்சா போடலாம். கேட்டுச் சொல்றேன்.

கார்த்தி: நாங்க வரலாமா? டிக்கெட் எவ்வளவு

யாழினி: டிக்கெட் போடவே கூடாது. காப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுல, கல்வி நிறுவனத்துல படம் போடலாம், ஆனா பாக்கிறவங்க ஆசிரியர், மாணவர், அவங்களோட பெற்றோர், காப்பாளர், நிறுவன வேலையோட நேரடியாச் சம்பந்தப்பட்டவங்களா மட்டும் இருக்கணும்னு இருக்கு. எதுக்கும் படம் எடுத்தவங்களுக்கும் மெயில் போட்டுருக்கோம். அம்மா அப்பா வரலாம். ஹாஸ்டல் படிவத்துல காப்பாளர்னு சித்தப்பா பேருதான் இருக்கு, அதனால அவரும் வரலாம். முத்து மாமா புரொஜெக்டர் ஓட்டுறதால வரலாம். கார்த்திதான் எதுலயும் வரல.

கார்த்தி: நான் ஸ்டாண்டு தூக்குறேன்

செல்வம் சித்தப்பா: நான் வந்தா மாட்டப் பத்தி எவனும் தப்பாப் பேசக் கூடாது

யாழினி: நீங்களே பேசுங்க சித்தப்பா. அவிழ்த்து விடுறதுக்கு முன்னாடி டாக்டர் என்னென்ன பாப்பாரு, கொம்பை எப்படிச் சீவணும், மாட்டுக்குச் சாராயம் ஊத்துறவன நீங்க எப்படித் துரத்துனீங்கன்னு. எங்க வகுப்புல பாதிப் பேரு மாட்டுத் திமிலத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல.

செல்வம் சித்தப்பா: பாக்கலாம்

ராணி அத்தை: எல்லாரும் படத்துக்கே போங்க. கிடா ரெண்டா மூணா??

முத்து மாமா: பாப்பா, நாலு வாரமும் நான் கொண்டாந்து போடுறேன். ஒன்பதடி திரையும் இருக்கு. வாடகை வேணாம்

யாழினி: மாமா டீசல் காசாவது வாங்கிக்கங்க. துறையில 2,000 ரூபாய் தர்றாங்க.

முத்து மாமா: வேணாம். 2012ல அகிலன் காதுகுத்துக்கு தாய்மாமன் கிடா நான்தான் கொண்டாரணும். திருமங்கலத்துல ஆக்சில் உடைஞ்சு வண்டி நின்னுபோச்சு

அம்மா: அண்ணே அத எதுக்கு இப்ப

முத்து மாமா: நேரம் போயிருச்சுன்னு வீட்டுல நின்ன ஆடு மணிய வெட்டிட்டாங்க. நான் வந்து சேர்றப்ப பாப்பா பம்பு செட்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்துச்சு. ஏழு வயசு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல

யாழினி: உங்க மேல கோபம் இல்ல மாமா. அப்பவும் இல்ல. மணி என் கணக்கு நோட்டுல ஏழாம் வாய்ப்பாட்டத் தின்னுருச்சு, ஓரமெல்லாம் பல்லு பட்ட கோடு. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அன்னைக்குப் பந்தியில என் இலையிலயும் கறிய வச்சுட்டாங்க. யாரும் வேணும்னு செய்யல. அதுக்கப்புறம் நான் சாப்பிடல, அவ்வளவுதான்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: யாரு அழிச்சது

ராணி அத்தை: நான்தான். என்னமோ தப்பா அமுக்கிட்டேன்

இரவு 9:40

அப்பா: யாழி. காதுகுத்துக்குச் சமையக்காரர்ட்ட பேசிட்டேன். உனக்குத் தனி அடுப்பு. தனிக் கரண்டி.

யாழினி: சரிப்பா ❤️

ராணி அத்தை: தனி அடுப்பு எத்தன பேருக்கு

சுப்பையா பெரியப்பா: எனக்கும் அதில் ஒரு இலை.

ராணி அத்தை: அண்ணே நீங்களுமா. அப்ப ரெண்டு கிடா போதுமா? கார்த்தி ஆட்டுக்காரருக்குப் போன் போடாத, நாளைக்குச் சொல்றேன்

செல்வம் சித்தப்பா: யாழி எத்தன மணிக்கு பேசணும்

யாழினி: நாலாவது வெள்ளி, 5:45 சித்தப்பா. அது எந்தப் படம்னு இன்னும் முடிவாகல.

முத்து மாமா: லேப்டாப்ல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கா, இல்ல பழைய விஜிஏ வா? ஒயர் பாத்து எடுத்து வைக்கணும். போட்டோ அனுப்பு பாப்பா