ஃபேட்டி லிவர் இருந்தால் சர்க்கரையும் வருமா?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: அப்பாவுக்கு வயது 52, எடை 80 கிலோ, குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு படிவது). எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1, கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) 2.1 லட்சம். ஃபேட்டி லிவருக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டாங்க?

அஸ்தம்பட்டிக்காரர்: நெருங்கிய தொடர்புங்க. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் சொல் கேட்காது. ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும், அது இன்னும் கொழுப்பைச் சேர்க்கும். எச்பிஏ1சி 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை.

அம்மாபேட்டைக்காரர்: கிரேடை விட, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதை மதிப்பிட ஃபிப்-4 என்ற கணக்குப் போடுங்க. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 2496. பிளேட்லெட் 210 ஆயிரம். அதை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1680. வகுத்தால் 1.49. 1.3-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. இவருக்குத் தாண்டிவிட்டது, டாக்டரிடம் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) பற்றிக் கேளுங்க. தள்ளிப்போடாதீங்க.

ஏற்காட்டுக்காரர்: எடையில் 7 முதல் 10 சதவீதம், அதாவது 6-8 கிலோ, நிதானமாகக் குறையணும். பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் கல்லீரல் வீக்கம் கூடலாம். நம்ம சேலத்து ஜவ்வரிசியை லேசான டிபன் என்று நினைக்காதீங்க, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சர்க்கரை போட்ட மாம்பழ ஜூஸ் வேண்டவே வேண்டாம். பழமாக இரண்டு துண்டு போதும்.